நாலாவது கும்பா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்:
டூட்டி நேரத்தில் நான் படிப்பதில்லை.

புளியரை சோதனைச் சாவடி.
அந்தப் பக்கம் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்த மறுநாள்
முதுகில் மருந்துக் கேனும் கையில் குழாயுமாக
கால்நடைத் துறை எங்களை இங்கே நிறுத்தியது.
மலையிறங்கும் ஒவ்வொரு வண்டியின் டயருக்கும் மருந்தடிக்க வேண்டும்.
எண், நேரம், சரக்கு, எல்லாம் நோட்டில் ஏற வேண்டும்.
இரவு ஒரு மணிக்கு மேல் மலை வண்டி அனுப்பாது.
மழையைத்தான் அனுப்பும்.

புத்தகம் ஆவுடை எடுத்துவந்தது, பள்ளி நூலகத்தில்.
எட்டாம் வகுப்பு.
முப்பதாம் பக்கத்தின் காதை மடித்து
"ஒண்ணுமே நடக்கலம்மா" என்று
என் டிபன் பைக்குள் போட்டுவிட்டாள்.

உண்மைதான், நடக்கவில்லை.
கொல்லம் ஆண்டு ஆயிரத்து இருபத்தெட்டு.
அப்போது செங்கோட்டை திருவிதாங்கூரில்.
எல்லை இந்த மலையில் இல்லை, கிழக்கே,
தென்காசி போகும் வழியில்.
அங்கே சுங்கச் சவுக்கைக்குப் பின்னால் ஒரு குடிசை.
மாடத்தி என்றொரு பதிமூன்று வயசுக்காரி கதை சொல்கிறாள்.
கதையா அது?
பொதிமாடு எண்ணுகிறாள்.
காலையில் பன்னிரண்டு போயிற்று, சாயங்காலம் பன்னிரண்டு வந்தது.
கம்பு இடிக்கிறாள்.
மறுபடி மாடு எண்ணுகிறாள்.
புகையிலை கடத்திய அண்ணனைக் கரடி அடித்துவிட்டது என்று
ஒரே வரியில் சொல்லிவிட்டு
இரண்டு பக்கத்துக்குச் சாணியின் நிறம்.

எனக்குப் பிடித்துப்போயிற்று.
ஹாரன் அடிக்காத புத்தகம்.

அறுபத்தோராம் பக்கம்.
பீர்முகம்மது டீ வாங்கப் போயிருந்தார்.
மாடத்தி கும்பா கழுவிக் கவிழ்க்கிறாள்:
அம்மாவுடையது, அய்யாவுடையது, என்னுடையது,
ஓரம் நெளிந்தது.

ஓரம் நெளிந்தது யாருடையது?

அடி கள்ளி!

சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல.
தடுப்புக் கம்பிக்குக் கீழே படுத்திருந்த நாய்
தலை தூக்கிப் பார்த்தது.

அதற்குமேல் எங்கே நிறுத்துவது.
நூற்றிரண்டாம் பக்கத்தில் ஓர் ஆண்குரல் இருமியது.
இத்தனை நேரமும் அவள் பேசியது என்னோடு இல்லை.
எதிரே சவுக்கை அதிகாரி, கையில் எழுத்தாணி.
இது வாக்குமூலம்.
விடியும்வரை அவள் பேச வேண்டும்,
அண்ணன் மலை சுற்றிச் சிவகிரிப் பக்கம் இறங்கும்வரை.
அதற்குத்தான் அந்த மாடுகள்.
அதற்குத்தான் பச்சைச் சாணி, கரும்பச்சைச் சாணி,
வெயிலில் ஓரம் மட்டும் வெளுத்த சாணி.
ஆவுடைக்குத் தூக்கம் வந்த ஒவ்வொரு பக்கமும்
அவன் ஒரு ஓடை தாண்டியிருக்கிறான்.

தூக்கக் கலக்கத்தில் அவள் நாக்கு ஒரே இடத்தில் தவறியது.
அதிகாரி மாடுகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தான்,
கும்பாவை யார் எண்ணுவார்?
நானும் அவனோடு உட்கார்ந்து
அறுபது பக்கம் மாடு எண்ணியிருக்கிறேன்,
எனக்கும் அதுதானே வேலை.

முதல் பக்கத்துக்குத் திரும்பினேன்.
"காலையில் பன்னிரண்டு" என்று தொடங்கும்போதே
அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது
இப்போது கேட்டது.

மூன்று மணிக்கு ஒரு வேன், புனலூர்ப் பதிவு.
"காலி முட்டைத் தட்டு, சேச்சி. கோழி ஒன்னுமில்ல."
தார்ப்பாயில் நனைந்த இறகு ஒன்று ஒட்டியிருந்தது.
நான் கேட்காமலே அவன் சொல்ல ஆரம்பித்தான்:
தென்மலையில் மரம் விழுந்தது,
மச்சினனுக்குக் கல்யாணம்,
மண்டபத்துக்கு வாடகை இத்தனை,
பந்தல்காரன் இன்னார்.
மெதுவாக, மிக மெதுவாக.
"பிறகு?" என்றேன்.

அந்த வேன் என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள்.
டயருக்கு மருந்தடித்தேன், அது உண்மை.

நோட்டில் அன்றைக்குப் பதினொரு வண்டி.
பதினான்கு என்கிறார் பீர்முகம்மது.
பாவம், அவருக்கு இரவில் கண் அத்தனை தெளிவில்லை.