சுளகு

வரைபடத்தில் அதன் பெயர் மையத் தேர்வு மண்டபம்.
எழுபத்து நாலு சித்திரையில்
நாகமலைக்கு வடக்கே கருவேலங்காட்டைச் சிரைத்த பொட்டலில்
கூரை முட்டு பிரித்ததும்
கொத்தனார்கள் வைத்த பேர்தான் நின்றது: சுளகு.
புடைக்கத் தூக்கிய கை பாதியில் மறந்தாற்போல
இரண்டு முனை வானத்தில்,
இரண்டு முனை தரையில்.
தூண் கிடையாது, உத்தரம் கிடையாது,
மூன்று அங்குலக் கான்கிரீட்
காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது.

வடிவாளர் ஐசக் குணமணி
சட்டைப்பையிலிருந்து ரசீதுத் தாளை எடுத்துக் காட்டினார்.
"சும்மா பிடித்தால் தொங்கும். முறுக்கினால் நிற்கும்.
அவ்வளவுதான்."
துணைவேந்தர் தலையாட்டினார்.
காண்ட்ராக்டர் மட்டும்
கம்பி எவ்வளவு மிச்சமாகும் என்று கேட்டார்.

கலவை இடையில் நிற்கக்கூடாது.
முப்பத்தொரு மணி நேரம் ஏறி இறங்கின சட்டிகள்.
பெட்ரோமாக்ஸில் விழுந்த வண்டுகளும்
சாந்தோடு சாந்தாய்ப் போயின.
பதினேழாவது மணியில்
ஒச்சம்மா என்ற சித்தாள் சும்மாடு அவிழ்த்து, அண்ணாந்து,
"மழ வந்தா எந்தப் பக்கம் ஓடணும்னு
இதுக்குத் தெரியுமா சார்?" என்றாள்.
சிரித்தோம்.

ஐப்பசியில் மேற்கு முனையில் ஒரே ஒரு சொட்டு.
நான் அப்போது தற்காலிக அளவர்.
பதிவேட்டில் ஏற்றினேன்:
வாளி, தகரம், ஒன்று.

வளைவுக்கு இன்னொரு குணம் இருந்தது.
கிழக்கு மூலையில் முணுமுணுத்தால்
மேற்கு மூலையில் காதுக்குள் விழும்.
முதல் பரீட்சையிலேயே பையன்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.
பறக்கும் படை வந்து சட்டைக் காலரைப் பிரித்துப் பார்த்தது.
கூரையை யார் பிரிப்பது?
புள்ளியியல் இரண்டாம் தாளில்
கடைசி வரிசை முழுக்க ஒரே தப்பு.

ஒரு பங்குனி மதியம்
நாற்காலி எண்ணப் போன என் காதில்
"வீட்ல சொல்லிட்டேன்" என்றது ஒரு பெண்குரல்.
பதிலுக்கு எதுவும் வரவில்லை.
நான் திரும்பிப் பார்க்கவில்லை.
நாற்காலி எண்ணிக்கை தவறிப்போய்
மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

ஓய்வுக்கு ஏழு மாதம் இருக்கையில்
கோப்பு வந்தது.
கூரை உறுதியற்றது, உயிருக்கு ஆபத்து,
மேலேறி ஆய்வு செய்யப்பட்டது.
யாரும் ஏறவில்லை.
ஏணி அறைச் சாவி என் மேசையில் கிடந்தது.
கையெழுத்துக்கு நாலு இடம்.
மூன்று நிரம்பியிருந்தது.
பேனா தடுமாறவில்லை,
அதையும் சொல்லிவிட வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து
தாடை வைத்த இயந்திரம் வந்தது.
மூன்று நாள் வேலை என்றார்கள்.
ஆறாம் நாள் ஒரு பல் உடைந்தது,
இயந்திரத்தின் பல்.
பத்தாம் நாள் ஆப்பரேட்டர் குழந்தைவேல்
டீ கிளாஸோடு என் பக்கத்தில் குந்தினான்.
"ஏனுங்க, இது பலமில்லைன்னு
எந்தப் புண்ணியவானுங்க எழுதிக் குடுத்தது?"
டீ நல்ல சூடு என்றேன்.

பத்தொன்பதாம் நாள்
தரையில் ஊன்றிய ஒரு முனையை அறுத்த பிறகுதான்
மொத்தமும் உட்கார்ந்தது.
சத்தம் பெரிதில்லை.
தூசியில் மலை மட்டும் கொஞ்ச நேரம் காணாமல் போனது.

உடைந்த விளிம்பில் டேப்பை வைத்தேன்.
எழுபத்து நாலில் அளக்காமலே
மூன்று அங்குலம் என்று எழுதியவன் நான்.
மூன்றேகால் இருந்தது.
எந்தப் பில்லிலும் ஏறாத கால் அங்குலம்.

கம்பி எடைக்குப் போனது.
இப்போது அங்கே கண்ணாடி ஒட்டிய நாலு மாடி.
ஒழுகுவதில்லை.
மூலைக்கு மூலை கேமரா.

போன வாரம் தணிக்கையிலிருந்து கடிதம்:
இருப்புப் பதிவேடு, பக்கம் நாற்பத்தொன்று,
வாளி, தகரம், ஒன்று. பொருள் எங்கே?
'கட்டடத்தோடு இடிபட்டது' என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.
எங்கள் கொல்லையில் அது கவிழ்ந்து கிடக்கிறது.
நேற்று ராத்திரி மழை.
அதன் முதுகில் விழுந்த ஒவ்வொரு சொட்டும்
எனக்குக் கேட்டது.