உப்புக்கல்

நக்ஸோஸ் மலைச்சரிவில்
பந்தெலிஸின் ஆடுகள் உப்பு நக்கும் கல்.
தினம் ஒரு பிடி.
மழை விட்டுவைத்த எழுத்தை
நாக்குகள் தின்றிருக்கின்றன.

பொலிக்சேனி ஈரத்தாளை ஒட்டித்
தூரிகையால் அடிக்கிறாள்.
காய்ந்ததும் உரித்து
வெயிலில் பிடிக்கிறாள்:

. . . . . ளுக்கு
நேர்ந்துகொண்டபடி . . .
இரண்டும் பிழைத்த . . .
படைத்தா

தேவி என்பது அந்த 'ளுக்கு'வில் தெரிகிறது.
எந்தத் தேவி என்பது
ஆடுகளுக்குத்தான் தெரியும்.

கடைசிச் சொல் கல்லில் முழுசாகவே இருக்கிறது.
கிரேக்க வினை, ஆணா பெண்ணா என்று சொல்லாது.
தமிழில் எழுதும் நான்தான்
ளகரமா னகரமா என
உடைந்த விளிம்பில் நிற்கிறேன்.

"இரட்டைக் குட்டி போட்டிருக்கும்," என்கிறான் பந்தெலிஸ்.
"பிப்ரவரிப் பனியில் எனக்கு
ஒன்றுதான் தங்கிச்சு."

அவள் பேசவில்லை.
தாளைச் சுருட்டும் கை
'இரண்டும்' வரும்போது மட்டும்
மெதுவாகிறது.

மாலையில் லாரி வந்து கல்லை ஏற்றிப்போனது.
சேற்றில் சதுரமாய் ஒரு பள்ளம்.
ஆடுகள் வழக்கம்போல் வந்து
மண்ணை நக்கிப் பார்த்தன.