முதலில் விளக்கைப் பார்

இரவு இரண்டேகால் மணிக்கு
ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன்.
தோளில் அவசரப் பை:
தண்ணீர் பாட்டில், டார்ச், அடையாள அட்டை,
தம்பிக்கு ஒரு ஸ்வெட்டர்.
இக்கிக்கேயில் பிறந்தவர்களுக்கு
இதை யாரும் இரண்டாம் முறை சொல்ல வேண்டாம்.
முன்னால் கடல், முதுகுக்குப் பின்னால் மணல்மலை,
நடுவே பாய் விரித்தாற்போல் நகரம்.
தரை அசைந்தால் மேட்டுக்கு ஓடு.

நெஞ்சு அடித்துக்கொண்டது.
விரல்நுனி மரத்துப்போயிருந்தது.
தெருவில் ஒரு ஆளில்லை.
எதிர்வீட்டு நாய் தூங்கிக்கொண்டிருந்தது,
எந்த நடுக்கத்துக்கும் எங்களுக்கு முன்னால் குரைக்கிற நாய்.

திரும்பி விளக்கைப் பார்த்தேன்.
சமையலறை விளக்கு, நீண்ட வயரில் தொங்குவது.
ஆடவில்லை.

மேசையில் மாதிரித் தேர்வின் விடைத்தாள்.
பக்கத்தில் டம்ளர்.
தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை.
குலுங்கியது நான் மட்டும்.

அவமானமாக இருந்தது. பையை ஆணியில் மாட்டினேன்.
யெர்கோவுக்குக் கேட்டு அனுப்பினேன்:
"இப்போ ஏதாவது ஆடிச்சா?"
உடனே பதில். அவனும் விழித்திருக்கிறான்.
"வீடு ஆடல. நான்தான் ஆடுறேன்.
மூணு வாரமா."

மூன்று வாரம்.
தினமும் பக்கத்து இருக்கை,
முழங்கை இடிக்கும் தூரம்.

அம்மாவிடம் சொல்ல இரண்டு நாள் ஆனது.
பாத்திரம் துலக்கியபடி, முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னேன்.
எங்கள் ஊரில் எந்த நடுக்கத்துக்கும்
முதல் கேள்வி ஒன்றுதான்.
"எவ்வளவு, ரயென்?"
அறிவுரைக்காக இறுகியிருந்த கழுத்து தளர்ந்தது.
யோசித்தேன். "ஆறு புள்ளி எட்டு."
அவள் குழாயை மூடினாள்.
"எனக்கு நாலு இருக்கும்," என்றாள்,
"கடை வாடகை ஏறினதிலிருந்து."

அதன்பின் இரவுச் சாப்பாட்டில் எண்கள்.
ஏழு நாள் வீடு, ஏழு நாள் செப்புச் சுரங்கம் என்றிருக்கும் அப்பா
மேலேயிருந்து போனில் சொல்வார், "இன்னைக்கு மூணு."
தம்பி காஸ்பருக்கு எப்போதும் ஒன்பது.
பல் ஆடுகிறதாம்.

உடம்பு பொய் சொல்வதில்லை.
கடல் பின்வாங்குவதற்கும்
முக்கோணத்தின் மூன்றாம் பக்கம் பிடிபடாததற்கும்
அதற்கு வித்தியாசம் தெரியாது, அவ்வளவுதான்.
இரண்டுக்கும் ஒரே சங்கை ஊதுகிறது.
ஓடச்சொல்லி அது தயாராக்கிய கால்களை
மாதக்கணக்கில்
நாற்காலிக்கடியில் மடக்கி வைத்திருந்தேன்.

ஆகவே ஓடினேன்.
சாயங்காலங்களில், யெர்கோவோடு, மணல்மலையில்.
இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கும்.
உச்சியில் பேச மூச்சிருக்காது.
ஷூவிலிருந்து மணலைக் கொட்டும்போதுதான் அவன் வாய் திறப்பான்.
ஒருநாள் அழுதான்.
நான் கொட்டிக்கொண்டேயிருந்தேன்,
எப்போதோ காலியாகிவிட்ட ஷூவை.
மறுநாள் பள்ளி ஆலோசகரின் அறைவரை கூடப்போனேன்.
வெளியே பெஞ்சில் அரைமணி நேரம்
சுவரில் இருந்த சுனாமி வரைபடத்தை மனப்பாடம் செய்தேன்.

இதெல்லாம் மருந்தென்று சொல்லவரவில்லை.
புத்தகத்தைப் பதினொன்றுக்கே மூடியும்
தூக்கம் வராத இரவுகள் உண்டு.
போனை அவசரப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாலும்
கை அதைத் தேடிப்போகும்.
அப்போது டம்ளரை எடுத்துவைப்பேன்.
தண்ணீர்மேல் ஊதுவேன்,
சுருக்கம் எழாத அளவுக்கு மெல்ல.
ஒரு மூச்சு தீர எவ்வளவு நேரம் பிடிக்கிறது!

தேர்வு நாள்.
கூடத்தில் இருநூறு பேர்.
பதினேழாம் கேள்வியில் விரல்நுனி மரத்தது.
பழக்கத்தில் விளக்கைப் பார்த்தேன்.

ஆடியது.

பென்சில் ஒன்று உருண்டு விழுந்தது.
ஜன்னல்கள் கிலுகிலுத்தன.
இருநூறு தலைகள் நிமிர, கண்காணிப்பாளர் கதவை அகலத் திறந்தார்.
எட்டு நொடி, ஒன்பது,
நின்றது.

"நாலு புள்ளி ரெண்டு," என்றது பின்வரிசைக் குரல்.
"போடா, நாலரை."
கூடம் முழுக்கச் சிரிப்பு.
இத்தனை நெஞ்சும் ஒன்றாக அடித்துக்கொண்டதை
அன்றுதான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

மூன்று வரிசை தள்ளி யெர்கோ திரும்பினான்.
மேசைக்கடியில் இரண்டு விரல்.
பூமிக்கா, அவனுக்கா, தெரியவில்லை.
நான் மூன்று காட்டினேன்.
கண்காணிப்பாளர் முறைத்தார்.
பதினெட்டாம் கேள்விக்குப் போனேன்.