நியூட்ரல்

பின்சக்கரங்களுக்கு இரண்டு கல் கொடுத்தாயிற்று.
அந்தக் கல்லை நம்பாமல் இன்னொரு கல்லும்.
அரவேனுவில் சமதளம் என்று ஒன்று கிடையாது.
எங்கள் வாசலில் ஒரு தக்காளியை வைத்தால்
அது மேட்டுப்பாளையம் போகப் பார்க்கும்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே
நட்டைத் தளர்த்த வேண்டும்.
ஜோகி அதற்குள் ஜாக்கியைச் சுற்றியிருந்தான்.
இறக்கு என்றேன்.
இறக்கினான்.

மூன்று வாரமாக முன்பக்கம் கிறீச்சிட்டது.
குன்னூரில் கூலி மட்டும் ஆயிரத்து எண்ணூறு கேட்டார்கள்.
பச்சைத்தேயிலை கிலோ பதினைந்தில் நிற்கிற மாதம்,
நூற்றிருபது கிலோ இலை அது.
பேடும் டிஸ்க்கும் காரமடையிலிருந்து பஸ்ஸில் வந்தன.
அண்ணனின் லாரி ஷெட்டில் பார்த்ததில்
மறக்காத பாதியை வைத்துக்கொண்டு
நான் சாக்கு விரித்து உட்கார்ந்துவிட்டேன்.

காலிப்பரைக் கழற்றியதும் தொங்கவிடக் கூடாது,
ஹோஸ் தாங்காது.
துணி காயும் கம்பியில் ஒரு முழம் வெட்டி
ஸ்பிரிங்கோடு கட்டினேன்.
பழைய பேடு கையில் விழுந்தது.
பப்படக் கனம்,
ஒரு மூலையில் வெறும் இரும்பு.

டிஸ்க் வரவில்லை.
துருவேறி ஹப்போடு ஒட்டிக்கிடந்தது.
அதிலிருக்கும் இரண்டு துளையிலும்
போல்ட்டை மாற்றி மாற்றி முறுக்க
டப்பென்று விட்டது.
வெளிச்சத்தில் திருப்பினேன்.

நீலம்.
மண்ணெண்ணெய் ஸ்டவ் பர்னரில் ஏறுமே, அந்த நீலம்,
ஓரத்தில் வைக்கோல் மஞ்சள்.
இரண்டாவது கியரில் இறங்கும் வண்டிக்கு
இந்த நிறம் வராது.

கேட்க வாயைத் திறந்தபோது
தேயிலைக்குள்ளிருந்து காட்டுமாடு வந்தது.
ஒற்றை. கொம்பில் சில்வர்ஓக் பட்டை கொஞ்சம்.
பதினைந்து அடி இருக்கும்.
ஜாக்கியில் நிற்கும் காருக்குள் ஏற முடியாது,
வீட்டுக் கதவு அதன் முதுகுக்கு அந்தப் பக்கம்.
காருக்கு இந்தப் பக்கம் இருவரும் குந்தினோம்,
என் மடியில் டிஸ்க்.

அது பீன்ஸ் கொடியை மேய்ந்தது.
குச்சியோடு சேர்த்து.
அத்தனை பெரிய உடம்பு
ஒரு சத்தமும் இல்லாமல் நிற்கவும் நகரவும் செய்தது.

"குஞ்சப்பனை தாண்டும்வரை நியூட்ரல்தான்"
என்றான் ஜோகி,
மாட்டுக்குக் கேட்காத குரலில்.
"இன்ஜினை ஆஃப் பண்ணலை.
பெட்ரோல் மிஞ்சுமேன்னு."
எத்தனை தடவை?
"பதினொன்று."
நித்திலா?
"இரண்டு தடவை இருந்தாள்.
தூங்கிட்டுத்தான் வந்தாள்."

இது இன்ஜெக்‌ஷன் வண்டி.
கியரில் இறங்கும்போது ஒரு சொட்டும் போகாது,
நியூட்ரலில்தான் குடிக்கும்.
சொல்லவில்லை.
மாடு இன்னும் நின்றிருந்தது.

பிறகு அது போனது, வந்த வழியே இல்லாமல்
வேலியின் புதிய வழியில்.

இடது பக்கத்திலும் அதே நீலம்.
நான் ஒன்றும் பேசவில்லை, அவன் ஸ்பானர் கொடுத்தான்,
சரியான நம்பரைக் கேட்காமலே கொடுத்தான்.
புது டிஸ்க்கின் எண்ணெயைத் துடைத்தேன்.
க்ளாம்ப் வைத்துப் பிஸ்டனை உள்ளே தள்ள
மேலே டப்பாவில் ஆயில் ஏறியது.
ஸ்லைடு பின்னுக்குக் கிரீஸ்,
பேடு, காலிப்பர், சக்கரம்.
இருட்டுவதற்குள் இரண்டு பக்கமும் முடிந்தது.

பிஸ்டன் பின்னால் இருக்கும்போது
முதல் மிதியில் பெடல் தரைவரை போகும்.
எனக்குத் தெரியும்.
நாலைந்து முறை மிதித்தால் ஏறிவிடும்.
அதுவும் தெரியும்.

"ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதி" என்றேன்.

மிதித்தான்.
கால் அப்படியே உள்ளே போனது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
அவன் முகத்திலிருந்து ஏதோ இறங்கி ஓடியது,
பதினொரு தடவையும் ஒன்றாக.
இரண்டு கையும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தன,
வாசலிலேயே நிற்கிற வண்டியில்.

அவசரப்படாமல் கையைத் துடைத்துக்கொண்டேன்.
"இன்னும் மிதி" என்றேன்.
இரண்டு. மூன்று.
நான்காவதில் பெடல் கல்லாக நின்றது.

அதற்கப்புறம்தான்
பெட்ரோல் விஷயத்தைச் சொன்னேன்.