ஒன்றரை முழம்

பாம்பன் தெற்குவாடியில் விடியுமுன்
கூடைகள் கவிழும் இடத்தில்
எனக்கென்று ஒரு களவாவை ஒதுக்கிவைப்பாள் மெர்சிலின்.
செவுள் துடிக்க வேண்டும். ஐஸ் பட்டால் எனக்கு ஆகாது.
"ஒங்க ஆபீஸ்ல இத என்னதான் பண்ணுறீக,
கொழம்புகூட வைக்கிறதில்லையாமே?"

வாளி ததும்பப் பாலம் கடந்து மண்டபம்.
கத்தரி, ஊசிக்குழல், ஃபார்மலின்.
ஃபார்மலினில் பத்து நிமிடம்:
எது எதைப் பிடித்திருந்ததோ
பிடித்தபடியே உறைந்து நிற்கும்.

இந்த மீனின் ஒரு செல்லுக்குள்
ஒன்றரை முழ நூல்.
அந்தச் செல்களோ
கடுகின் மேல் ஆயிரம் உட்காரும்.
எட்டுப் புரதத் துண்டுகள் சேர்ந்து ஓர் உருண்டை,
அதன்மேல் இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைய,
பிறகு அடுத்த உருண்டை, பிறகு அடுத்தது,
வலையின் தலைக்கயிற்றில் மிதவை கோத்தது மாதிரி.
முடிச்சு கிடையாது.
நூல் எதிர்மின், உருண்டை நேர்மின்,
அந்த ஆசை போதும்.

உருண்டைகளுக்கு வால் உண்டு.
வினிகர் வம்சத்துச் சிறு தொகுதி ஒன்று
வாலில் வந்து ஒட்டினால் பிடி தளரும்,
நூல் இளகும், படிக்க வந்தவர் படிக்கலாம்.
மெத்தில் ஒட்டினால் பூட்டு
என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் இழந்தேன்.
நான்காம் இடத்து மெத்தில் வா என்கிறது.
ஒன்பதிலும் இருபத்தேழிலும் ஒட்டினால்தான்
சுருண்டு கிட, உன் முறை வரவில்லை.

எழுத்து ஒன்றும் அழிவதில்லை.

உப்பு கூடினால் உருண்டைகள்
நூலை விட்டே உதிர்ந்துவிடும்.
ஒருமுறை எடை தப்பி
ஒரு மாத வேலை கரைந்தது.
வாலிநோக்கத்து உப்பளத்தில் வாருகோல் பிடித்தவர் மகள் நான்.
வீட்டில் சொல்லவில்லை.

களவா பெண்ணாகத்தான் தொடங்குகிறது.
பல வருடம் முட்டையிடுகிறது.
பாரிலிருந்த பெரிய ஆணைத் தூண்டில் கொண்டுபோனபின்
சிலவேளை, ஒரு பெண்ணுக்குள்,
அதுவரை இறுகக் கிடந்த பத்தி இளகும்.
சினைப்பையின் ஓரத்தில் வெள்ளையாய் ஒரு கீற்று.
அந்தக் கீற்றுக்காகத்தான் இத்தனை வாளி.

ஆவணியில் மெர்சிலின் புருஷன் ரிச்சர்டின் போட்டை
எல்லை தாண்டியதென்று பிடித்துப் போனார்கள்.
அதுவரை அவள் ஏலத்தில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.
மறுவாரம் வியாபாரி விலையை முடிக்குமுன்
"அந்த ரேட்டுக்கு நீயே போயிப் புடிச்சுட்டு வா!"
கூட்டம் ஒரு கணம் அடங்கியது.

எனக்கு உவமை வாய்வரை வந்தது.
விழுங்கிக்கொண்டேன்.
அவள் மீனல்ல, எதுவாகவும் மாறவில்லை.
டீசல் பாக்கி, வலைக் கடன், ஆறு பேர் பங்கு
எல்லாம் முன்பே அவள் மனக்கணக்கில் இருந்தன.
கேட்க ஆளில்லை.

தையில் ரிச்சர்ட் திரும்பினான். போட் திரும்பவில்லை.
திறந்தது மறுபடி மூடுமா?
செல்லில் மூடும்; ஒட்டியதைக் கத்தரிக்கவும்
நொதிகள் இருக்கின்றன.
தெற்குவாடியில் இன்று காலை
அவன் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தான்,
அவள் விலை சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாளியை நீட்டினேன்.
"இன்னைக்கு ஆணா பொண்ணா?"
"அறுத்தாத்தான் தெரியும்."
"அப்ப காச இப்பவே குடு."