நிமிடத்துக்கு அறுபத்தாறு ராண்ட்

டர்பனுக்குத் தெற்கே, ஜேக்கப்ஸில்,
பெயின்ட் ஃபேக்டரி மாடியில் பதினொரு பேர்.
நான் விலைக்கணக்குப் பிரிவு.
எதைப் பார்த்தாலும் அடக்க விலைதான் முதலில் தெரியும்,
டின் எவ்வளவு, மூடி எவ்வளவு,
மூடியைத் திறந்து பார்க்கிற ஆசை எவ்வளவு.
மூட்லி திரையில் ‘செலவுக் குறைப்பு’ என்று போட்டதும்
நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்துக்குக் கை தானாகப் போனது.

தலைக்கு நிமிடம் ஆறு ராண்ட், சராசரி.
மூட்லிக்குப் பதினேழு, எனக்கு மூன்றரை.
சராசரி என்பது
அவர் என் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்வது.

ஆறு பதினொன்று அறுபத்தாறு.
புரொஜெக்டர் கண்விழிக்க ஒன்பது நிமிடம்:
ஐந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு.
போன கூட்டத்தில் என்ன பேசினோம் என்று பேசியது
ஆயிரத்துக்குப் பத்துக் குறைவு.
பெஸ்டர் எழுந்து “சுருக்கமாகச் சொல்கிறேன்” என்றார்.
அந்தச் சுருக்கம் ஆயிரத்து நானூற்று ஐம்பத்திரண்டு.
சமோசா தனி.
யாரோ இருமினார்கள். அதைச் சேர்க்கவில்லை.

நூற்று நாற்பது நிமிடம்.
ஒன்பதாயிரத்து இருநூற்று நாற்பது.
முடிவு ஒன்றே ஒன்று:
கையுறை இனி மாதம் ஒரு ஜோடிதான்.
வருடத்துக்கு எட்டாயிரம் மிச்சம்.
மற்றதெல்லாம் அடுத்த செவ்வாய்.

தாளை மடித்துப் பையில் வைத்தேன்,
சூதாட்டத்தில் ஜெயித்தவள் மாதிரி.
இத்தனையும் கண்டுபிடிக்க நான் தின்ற சம்பளம்
நானூற்றுத் தொண்ணூறு என்பது
படிக்கட்டில்தான் உறைத்தது.

கீழே ஆறாம் தொட்டி. லுங்கேலோ
சாம்பிள் அட்டையோடு நிற்கிறார்.
நிறம் சரி என்று கையெழுத்துப் போட வேண்டியவர்
மேலே என் எதிரில்
கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியவர்.
ஷிப்ட் இரண்டு மணிக்கே முடிந்துவிட்டது.
உம்லாசி போகும் டாக்ஸியும் அப்போதே.
“எவ்வளவு நேரமாக?”
“நீங்கள் மேலே போனதிலிருந்து.”

தொட்டியில் நீலம் தோல் கட்டியிருந்தது,
ஆறின பால் போல.
குச்சியால் அதை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே கேட்டார்:
“இதை எதில் எழுதுவீர்கள்?”

கெட்டுப்போனதற்கு எண் உண்டு, நாற்பத்தேழு.
நின்றதற்கு?
புத்தகத்தில் அப்படி ஒரு பத்தி
நான் கோடு போட்டதே இல்லை.

கையுறை விஷயத்தை நான் சொல்லவில்லை.
அவருடைய சுட்டுவிரல்
ஏற்கெனவே கிழிசல் வழியாக வெளியே வந்திருந்தது,
நகம்வரை நீலமாக.