லோரோங் ஆறில் ஜோன்ஸ்

கேட் செய்கிறவன் நான்.
கெப்போங்கில் ஒரு பட்டறை, ஒரு பழைய வேன்,
விட்டால் சட்டென்று உள்ளே ஓடிவிடும் அளவு நாடா.

ஒன்பதாம் எண் வீட்டு பிலோமினா டீச்சர்தான்
அந்த இங்கிலீஷ் வாசகத்தைச் சொன்னது.
நான் அவர் கேட்டில் துரு சுரண்டிக்கொண்டிருந்தேன்.
தெரு முழுக்கப் பளபளப்பதை ஒரு பார்வை பார்த்துவிட்டு
"கீப்பிங் அப் வித் த ஜோன்சஸ்" என்று சிரித்தார்.

"ஜோன்ஸ் எந்த வீடு டீச்சர்?
அந்தப் பேர்ல யாரும் ஆர்டர் கொடுக்கலையே."

"அப்படி யாரும் இல்லப்பா.
பக்கத்து வீட்டுக்காரன்னு வச்சுக்கோ.
அவன் வாங்கினதை நாமளும் வாங்கணும்,
வாங்கிட்டு மூச்சு வாங்கணும். அதுக்குத்தான் இந்தப் பேச்சு.
பாராட்டுறப்ப சொல்லிடாதே,
முதுகுக்குப் பின்னால சொல்றது."

அதிலிருந்து ஜோன்ஸை எனக்கு அடையாளம் தெரிகிறது.
ஓரிடத்தில் நிற்காத மனிதர்.
முதலில் கமாருடின் வீட்டில் இருந்தார்:
ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், தானே நகரும் மோட்டார்.
ஹரி ராயா பலகாரம் தீருமுன் எதிரே யோங் வீட்டுக்குப் போய்விட்டார்,
அங்கே அதே கேட்டின் மேல் இரண்டு பொன்னிற அன்னாசி.
தீபாவளிக்கு இருபத்து மூன்று, குணசீலன் வீடு.
சோடி மயில், நடுவில் "கு" என்று ஓர் எழுத்து,
தோகைக்குப் பின்னால் ஒரு புதுக் கார்.

நம் பேச்சில் இவருக்குத் தனிப் பெயர் இல்லை.
நாலு பேர் என்போம்.
நாலு பேர் என்ன நினைப்பாங்க?
வெள்ளைக்காரன் ஒரே குடும்பத்தோடு சமாளித்துக்கொள்கிறான்.

குறை சொல்ல எனக்கு வாயில்லை.
மகளின் காலேஜ் கட்டணம் அந்த நாலு பேர் கட்டியது.
என் வீட்டு கேட்டைக் கேட்காதீர்கள்,
கம்பி போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு ராத்திரி, மணி பதினொன்று.
"அண்ணே, கேட் திறக்க மாட்டேங்குது."
குணசீலன்தானா என்று இரண்டு முறை கேட்டேன்.

போய்ப் பார்த்தால் கரண்ட்டை வெட்டியிருக்கிறார்கள்.
வெளியே இழுவை லாரி.
பேங்க் அனுப்பிய இரண்டு பேர்
அவசரமில்லாமல் சிகரெட் பிடித்தார்கள்.

மோட்டாருக்கு அடியில் ஒரு சாவித் துளை உண்டு.
இடப்பக்கம் திருப்பினால் பல் விடும்,
பிறகு கையால் தள்ளலாம்.
விற்கும்போது இதைக் காட்டுவேன்,
யாரும் குனிந்து பார்த்ததில்லை.

நானும் அவரும் தள்ளினோம்.
மயில்கள் ஒவ்வோர் அடியாய் நகர்ந்து
மதிலோடு ஒட்டிக்கொண்டன.
கார் எழும்பிப் போன இடத்தில்
குழந்தையின் ஒற்றைச் செருப்பு.
பல நாளாய்த் தேடியது போல, எடுத்துத் தட்டினார்.

"சர்வீஸுக்குப் போயிருக்குன்னு சொல்லுங்கண்ணே,
யாராச்சும் கேட்டா."

கேட்டார்கள். புதன்கிழமை,
எதிர் வீட்டு தேவசகாயம்.
அதே மயில் வேண்டுமாம், அரையடி உயரம் கூட்டி.
நாடாவின் மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டார்.

"குணா காரைக் காணோமே?"

"சர்வீஸுக்கு."

"சர்வீஸா?" நாடா லேசாய் ஆடியது.
"இல்ல... வேற மாத்தப் போறாரோ?"

பதினான்கு அடி மூன்று அங்குலம்
என்று எழுதிக்கொண்டேன்.